அக்காவுக்கு வைத்த குழாய்

கல்பாத்திப் புழை ஆற்றின் படிக்கட்டில் என் அக்கா வழுக்கி விழுந்தது ஒரு துலா மாதத்து விடியற்காலையில். குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, இடுப்பில் குடத்து ஜலத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். மழைக்காலத்துப் பாசி இன்னும் படியை விட்டுப் போயிருக்கவில்லை. குளிக்க வந்த இரண்டு பெண்கள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவள் படியில் சாய்ந்து உட்கார்ந்தபடி, தள்ளி உருண்டு கிடந்த குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடம் நெளிஞ்சு போச்சுடா" என்றாள் முதலில். அப்புறம்தான், "நேக்கு எழுந்துக்க முடியலை" என்றாள்.

அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பதினான்கு வயதில் விதவையாகி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அடுத்த வருஷம் அம்மா ஜுரத்தில் போய்விட்டாள். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா இருந்தார் என்றாலும், எனக்குச் சாதம் பிசைந்து போட்டதும், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டதும், பள்ளிக்கூடத்திலிருந்து நான் வரத் தாமதமானால் தெருமுனை வரை வந்து நின்றதும் அக்காதான். பிற்பாடு எனக்கு ஒலவக்கோட்டு ரயில் ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, கல்யாணம் ஆனபோது, அப்பா காலமானபோது, வீட்டில் எது நடந்தாலும் நான் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான்.

தலை மழித்து, நார்மடி உடுத்து, ஒரு வேளைச் சாதம் சாப்பிட்டு அவள் இருந்தாள். எதைச் சாப்பிடலாம், எங்கே நிற்கலாம், யார் எதிரே வரலாம் என்று அவளுக்கு எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. ஆற்றில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை. கிழக்கு வெளுக்கும் முன் போவாள். கழுத்தளவு ஜலத்தில் அசையாமல் நிற்பாள். சின்ன வயதில் நான் கரையில் குந்திக்கொண்டு, "போலாம் அக்கா, பசிக்கறது" என்று அழுதிருக்கிறேன். "செத்தே இருடா" என்பாள். முப்பது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது 'கொஞ்சம் இரு' என்கிற அந்தச் 'செத்தே' ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இடுப்பெலும்பில் அடி. வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார். மகர மாதம் வரை படுக்கை. எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. கோலை ஊன்றிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு வருவாள். புழைக்கு இறங்க முடியாது. கிணற்றில் இறைக்கவும் முடியாது. என் மனைவி கிணற்றடியில் அவளை உட்கார்த்தி வைத்து ஜலம் இறைத்து ஊற்றுவாள். ஊற்றுகிறவள் மடியாக இருக்க வேண்டும். குழந்தை அழுதால் ஓட முடியாது. தவறி மேலே பட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அக்கா நாலு செம்பு விழுந்ததுமே "போறும், போறும்" என்று எழுந்துவிடுவாள். மற்றவர் கையால் ஊற்றப்பட்டு, அவசர அவசரமாக நனைந்து முடிப்பதைக் குளியல் என்று அவளால் எண்ண முடியவில்லை. கொஞ்ச நாளில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. தெருவில் போகிறவர்களைப் பற்றிக் குறும்பாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவள் அவள். அந்தக் குறும்பு போயே போய்விட்டது.

எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் பெரிய உத்தியோகஸ்தர்கள் வந்து தங்கும் பங்களா ஒன்று இருந்தது. ஒரு நாள் காகிதம் கொடுக்கப் போனபோது, அதன் குளியலறையில் சுவரில் பித்தளைக் குழாய் ஒன்றைப் பார்த்தேன். வெளியே உயரத்தில் தொட்டி. உள்ளே திருகினால் ஜலம். ஆளே வேண்டாம். திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே நினைப்பு.

கும்ப மாதத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் அதைச் செய்து முடித்தேன். கிணற்றை ஒட்டிக் குளிமுறி ஏற்கெனவே இருந்தது. அதன் வெளிச்சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் வைத்துச் சாந்து பூசி ஒரு தொட்டி. தொட்டியின் அடியிலிருந்து ஓர் இரும்புக் குழல் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது. அதன் முனையில், கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த பித்தளைக் குழாய். கொத்தனும் குழாய் பொருத்துகிறவனும் பின் சந்து வழியாக வந்து போனார்கள். அவர்கள் போனதும் அக்கா, குளிமுறியைச் சாணம் போட்டு மெழுகி, ஏழு தடவை கழுவச் சொன்னாள். "இனிமே இதுக்குள்ள வெளி ஆள் ஒருத்தரும் வரப்படாது, கேட்டியா?" என்றாள்.

முதல் நாள் நான் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு இருபது குடம் இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். அக்கா பலகையில் உட்கார்ந்து, குழாயின் பிடியைத் தயங்கித் தயங்கித் தொட்டாள். திருகினாள். ஜலம் கொட்டியது. உடனே மூடினாள். மறுபடி திறந்தாள்.

"கங்கையைக் காதைத் திருகின்னா வரவழைக்கறாய்!" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதக்கணக்கில் அப்படி ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து வரவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. விடியற்காலையில் நான் தொட்டியை நிரப்புவேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அரைமணி நேரம் வரமாட்டாள். உள்ளே அவள் சுலோகம் சொல்வது கேட்கும். சில நாள் சுலோகம் நின்று, ஜலம் மட்டும் கொட்டுவது கேட்கும்.

அடுத்த மீன மாதத்தில் குழாய் ஒழுக ஆரம்பித்தது. முதலில் சொட்டு. எவ்வளவு இறுக்கித் திருகினாலும் நிற்கவில்லை. பிறகு மெல்லிய நூல்போல ஒழுக்கு. காலையில் நிரப்பின தொட்டி மத்தியானத்துக்குள் காலி. வேனல் காலம், கிணற்றில் அடிப்பாறை தெரிந்துகொண்டிருந்தது. ஒழுகும் ஜலத்தைப் பிடிக்க அண்டா வைத்தோம். அக்கா பகலெல்லாம் கோலை ஊன்றிப் போய்ப் போய் அண்டாவைப் பார்த்துவிட்டு வருவாள். "இவ்வளவு ஜலத்தை வீணாக்கிண்டு என்னத்துக்கு நேக்கு இந்த சுகம்? எடுத்துடுடா" என்றாள்.

"சாரமில்லை அக்கா, சரி பண்ணிடலாம்" என்றேன். எனக்கு எப்படி என்று தெரியாது. வெளி ஆளை உள்ளே விடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். நானேதான் செய்ய வேண்டும்.

ஒலவக்கோட்டில் எஞ்சின் பட்டறையில் ஒரு பிட்டர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சம்பளப் பட்டியல் விஷயமாக என்னிடம் வருவார். ஒரு நாள் அவரிடம் சொன்னேன்.

"அதொண்ணுமில்லீங்க சாமி" என்றார். "உள்ளார வாஷருன்னு ஒண்ணு இருக்குமுங்க. வட்டமா, காசாட்டம். அது தேஞ்சு போயிருக்கும். அதைய மாத்திப்போட்டா நின்னுபோகும். நானே வந்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் முகத்தில் ஏதோ பார்த்திருக்க வேண்டும். "வேண்டாமுங்க. சொல்லித் தாரன். நீங்களே பண்ணிப்போடலாம்."

அவர் எங்கள் தெருவுக்குள் வர முடியாது என்பதை நான் சொல்லாமலே அவர் சொல்லிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். தொட்டிக்குள் குழலின் வாயைத் துணி உருண்டையால் அடை. குழாயின் தலைப்பை மரை முடுக்கும் சாவியால் இடப்பக்கம் திருப்பு. கழன்று வரும். அதன் அடியில் சின்னத் தண்டு. தண்டின் நுனியில் ஒரு மரையாணி. அதைக் கழற்றினால் வாஷர். அவர் பையிலிருந்து புதிசாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பழுப்பு நிறம். தடித்து வழவழவென்று இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"தோலுங்க. எருமைத்தோலு. தண்ணிக்குத் தோலுதானுங்க நல்லா நிக்கும். கொழுப்புல ஊற வெச்சிருக்குது."

"எல்லாக் குழாயிலும் இதுதானா?"

"எல்லாத்துலயும் இதுதானுங்க சாமி."

ஒரு வருஷமாக அக்கா குளித்த ஜலம், அவள் சமையலுக்கு எடுத்த ஜலம், சுவாமிக்கு வைத்த ஜலம், எல்லாம் எருமைத்தோலைத் தொட்டுக்கொண்டு வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோல் செருப்பு வாசலில் இருந்தாலே, காற்றில் நகர்ந்து வந்து மேலே படுமோ என்று நார்மடியை ஒதுக்கிக்கொண்டு போகிறவள் அவள்.

அந்த வாஷரைத் தாளில் சுற்றி வேஷ்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் குழாய் போயிற்று. மறுபடியும் கிணற்றடி, நாலு செம்பு, "போறும், போறும்". சொல்லாவிட்டால்? தெரியாமல் நடந்தது ஒரு வருஷம் நடந்துவிட்டது. ஒரு கேடும் வரவில்லை. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலை மிதிக்கும்போது, சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. அக்கா மத்தியானம் படுத்திருந்த நேரம் பார்த்துத் தொட்டியில் இறங்கித் துணியால் அடைத்தேன். பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த சாவியால் குழாயின் தலைப்பைத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. கை வழுக்கிச் சுவரில் இடித்து முட்டி உரிந்தது. இரண்டாம் தடவை கிறீச்சிட்டுக்கொண்டு அசைந்தது. தண்டை வெளியே எடுத்தேன். பழைய வாஷர் கறுத்து, ஓரம் நைந்து, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தால் எடுத்தபோது ஊறிப்போன தோலின் நாற்றம் லேசாக அடித்தது. புதிசைப் பொருத்தி, மரையாணியை முடுக்கி, தலைப்பை மாட்டினேன். துணியை எடுத்துவிட்டு வந்து குழாயைத் திறந்து மூடினேன். ஒரு சொட்டு விழவில்லை. அந்த நேரத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்கக்கூடாது. என் கையாலேயே செய்த முதல் காரியம் அது. பாவமோ புண்ணியமோ, அந்த நிமிஷத்தில் அது எனக்கு நினைவில் இல்லை.

நிமிர்ந்தபோது குளிமுறி வாசலில் என் மனைவி நின்றாள். கல்லின்மேல் கிடந்த பழைய வட்டத்தைப் பார்த்தாள்.

"ஏன்னா, இது என்னது?"

சொன்னேன். உள்ளே அக்கா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"அக்காகிட்டச் சொல்லாதேங்கோ" என்றாள் தணிந்த குரலில். "பாவம், அவாளுக்கு வேற என்ன இருக்கு?"

பழையதைப் பின் சந்துக் குப்பையில் போட்டேன். அன்று சாயங்காலம் அக்கா குழாயைத் திருகிப் பார்த்து, என் தலையைத் தடவினாள். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தேன். "நன்னா இருப்பாய்" என்றாள்.

விஷு கழிந்து சில நாளில் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. ஊருக்கே குழல் போட்டு ஜலம் விடப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, அது கூடுமா கூடாதா என்று ஆளுக்கு ஆள் வாதம். எங்களுக்குப் புரோகிதம் செய்கிற பக்கத்து வீட்டு வாத்தியார் எங்கள் வாசலில் நின்று அக்காவிடமே சொன்னார்: "குழாய்க்குள்ள தோலாக்கும். அந்த ஜலத்துல பண்ணின எந்தக் கர்மாவும் பலிக்காது. உங்காத்துலயும் ஒண்ணு இருக்கே, கேட்டுப் பாருங்கோ."

நான் ஆபீஸிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவவில்லை. அக்கா கேட்டாள்.

"ஏண்டா, நம்மாத்துக் கொழாயிலயும் தோலா இருக்கு?"

அவள் கேட்ட விதத்தில் சந்தேகமே இல்லை. 'இல்லை' என்று நான் சொல்வதைக் கேட்பதற்காகவே கேட்டாள். என் மனைவி சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லை அக்கா. நம்மாத்துல ரப்பர். மரத்துப் பால்லேர்ந்து பண்றது."

"அதானே பார்த்தேன்" என்றாள். "நீ விசாரிக்காம வைப்பாயா?"

அதோடு விட்டிருந்தால் தேவலை. வீட்டைத் தாண்டாதவள், மறுநாள் கோலை ஊன்றிக்கொண்டு வாத்தியார் வீட்டு வாசல் வரை போய், "எங்காத்துல இருக்கறது ரப்பர். என் தம்பி பார்த்துப் பார்த்து வாங்கினதாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் அரிசி கொண்டுவருகிற ஆளிடமிருந்து ஏகாதசிக்கு வருகிற பாட்டிமார் வரைக்கும் எல்லோரிடமும் சொன்னாள். ஒரு நாள் கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி சந்தேகமாக ஏதோ முனகினாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தம்பி நேத்திக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை" என்றாள். நான் உள்ளே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பொய்யை மெய்யாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். பொள்ளாச்சிக்குப் போகிற பஸ் நிற்கும் கொட்டகைக்குப் போய், கிழிந்த டயரிலிருந்து ஒரு துண்டு வாங்கினேன். கத்தியால் வட்டமாக வெட்டுவது லேசான வேலை இல்லை. மூன்று துண்டு வீணானது. நாலாவதை அரத்தால் ராவி, நடுவில் ஆணியைச் சுட்டுத் துளை போட்டேன். ஆபீஸ் மேஜைக்கடியில் வைத்து இரண்டு நாள் இதே வேலை.

இடவ மாதம் பிறந்திருந்தது. அன்றும் ஞாயிறு, அன்றும் மத்தியானம். தோலைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, ரப்பர் வட்டம் தண்டின் நுனியில் சரியாக உட்கார்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் சத்தம் கேட்கவில்லை. கோலை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மறுபடியும் ஒழுகறதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கல்லின்மேல் பார்த்தாள்.

இரண்டு மாதம் ஜலத்தில் ஊறிய தோல் உப்பிக் கிடந்தது. யாரும் சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரியும். என் கையில் இருந்த ரப்பரையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புத்தியில் எங்கள் வீட்டில் யாரும் அவளுக்கு ஈடு இல்லை.

"ஆரம்பத்துலேர்ந்தேவா?"

"ஆமாம் அக்கா. ஆனா அப்போ நேக்குத் தெரியாது."

"எப்போ தெரிஞ்சுது?"

"மீன மாசம். சரி பண்ணினபோது."

சுவரைப் பிடித்தபடி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"தெரியாமப் பண்ணினதுக்குப் பிராயச்சித்தம் இருக்குடா" என்றாள் மெதுவாக. "நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லிட்டேன்!"

"அக்கா, இப்போ ரப்பர் போடப்போறேன். இனிமே நெஜமாவே..."

"போட்டுக்கோ. நீங்கள்லாம் குளிக்கலாம்."

அவ்வளவுதான். மூன்று நாள் உபவாசம் இருந்தாள். வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பிப் பிராயச்சித்தத்துக்கு ஏற்பாடு செய்தாள். அவரிடம் காரணத்தைச் சொல்லும்போது, "நேக்குத்தான் சரியாத் தெரியாமப் போச்சு" என்று சொன்னாள். என் பெயரை எடுக்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பொருத்திய ரப்பர் அதன்பின் ஒரு நாளும் ஒழுகவில்லை. அதன் ஜலத்தை அவள் ஒரு நாளும் தொடவில்லை.

நாலாம் நாள் விடியலில் புழைக்குப் போகக் கிளம்பினாள். நான் தடுத்தேன். மனைவி தடுத்தாள். "நடக்க நடக்கக் கால் சரியாயிடும்" என்றாள். கேட்கிறவள் இல்லை. சரி, நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

எங்கள் வீட்டிலிருந்து புழைக்குக் கொஞ்ச தூரந்தான். எங்களுக்கு அது அரைமணி ஆயிற்று. படியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். நான் முதலில் ஜலத்தில் முழுகிவிட்டு, ஈரத்தோடு வந்து என் தோளைக் கொடுப்பேன். முழுகினவனைத் தொடலாம் என்பதால் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். இடவ மாதப் பாதியில் வருகிற பருவமழை தொடங்கிப் புழையில் செங்கலங்கல் வந்திருந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்து, மார்பளவு ஜலத்தில், கண்ணை மூடிக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று, வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வேன். இரண்டு பேர்மேலும் மழை பெய்யும்.

அந்த நாட்களில் அவள் என்னோடு பேசாமல் இல்லை. எல்லாம் பேசினாள். நான் நாலு வயதில் இந்தப் படியில் மீனைப் பார்த்துப் பயந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டதை, "ஓர்மை இருக்கா?" என்று கேட்டாள். என் பெண்ணின் ஜாதகத்தைப் பற்றிப் பேசினாள். குழாயைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்த விடியற்காலைகள் எனக்கு வேண்டியிருந்தன என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் கை என் தோளில் இருந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அது போதுமாக இருந்தது.

மிதுனம் முடியும்போது அவளுக்கு இருமல் பிடித்தது. நின்றுவிடு என்றால் நிற்கவில்லை. கர்க்கடக மாதம் பிறந்ததும் ஜுரம் கண்டு படுத்தாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் வைத்தியர். மூச்சு விடும்போது சத்தம் கேட்டது. படுத்த பிறகும் புழை ஜலந்தான் வேண்டும் என்றாள். நான் தினமும் காலையில் முழுகிவிட்டு, வெள்ளம் தெளிந்த ஓரமாகப் பார்த்துக் குடத்தில் எடுத்து வருவேன். மனைவி அதைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி ஆற்றி வைப்பாள்.

எட்டாம் நாள் காலை. வெளியே மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். அக்கா உதட்டை அசைத்தாள். நான் உத்தரணியில் ஜலம் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"இது எந்த ஜலம்?"

"பொழை ஜலம், அக்கா. நானாக்கும் போய் எடுத்துண்டு வந்தேன்."

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பினாள். அதற்கு அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாவா?"

"ஆமாம் அக்கா" என்றாள் அவள்.

அப்புறந்தான் குடித்தாள். இரண்டு உத்தரணி. அன்று மத்தியானம் போய்விட்டாள்.

அவளுக்குக் கொள்ளி வைத்தவன் நான். செய்ய வேண்டியவற்றை ஒன்று விடாமல் செய்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள், இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான், கடைசிவரைக்கும் தோளில் தாங்கினானே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாத்தியாரும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு ஒரு சாயங்காலம் சமையலறையில் என் மனைவி அடுப்பெதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்காவை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, "வெஷமிக்காதே, அழாதே" என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"உங்களை நம்பலையேன்னு நீங்க வெஷமப்படறேள்" என்றாள். "என்னை நம்பினாளே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தோலுன்னு நேக்கும் தெரியுமே. சொல்லாதேங்கோன்னு சொன்னதே நானாக்கும். நீங்க ரப்பர்னு சொன்னபோது நிலைப்படியிலதானே நின்னேன். ஒரு வார்த்தை சொன்னேனா? அது அவாளுக்குத் தெரியாது. தெரியாமயே எம்பக்கம் திரும்பி, ஆமாவான்னு கேட்டுட்டுப் போயிட்டா."

"நீ சொன்னது நெஜந்தானே" என்றேன். "பொழை ஜலந்தானே."

"அன்னிக்கு நெஜம்" என்றாள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலையை வைத்தாள்.

பிற்பாடு எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் குழாய் வந்துவிட்டது. யார் வீட்டுக் குழாயில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாத்தியார் வீட்டிலும் ஒன்று வைத்தார்கள். ஒழுகியபோது அவர் பிள்ளை என்னைக் கூப்பிட்டான். போய்ச் சரி செய்து கொடுத்தேன். என்ன போட்டேன் என்று அவன் கேட்கவில்லை.

வருஷா வருஷம் கர்க்கடகத்தில் அக்காவின் திதி வரும். அன்று சமையலுக்கு வேண்டிய ஜலம் முழுவதையும் என் மனைவியே புழைக்குப் போய் எடுத்து வருவாள். மழையில், வழுக்குகிற படியில், குடம் குடமாக ஐந்தாறு நடை. நான் கொண்டுவருகிறேன் என்றால் கேட்கமாட்டாள். என்னைக் குடத்தைத் தொடவே விடமாட்டாள். தன் காலில் நடக்க முடிந்த வரைக்கும் அவள்தான் போனாள்.